எக்ஸுக்குப் பலகை இல்லை

பதினாறு வருசம்
குதிரையின் பின்புறத்தை மட்டும் பார்த்தவன் நான்.
ரேக்ளாவில் உட்கார்ந்தவனுக்குக் குதிரையென்றால்
ஒரு வால், இரண்டு குளம்படி,
மூஞ்சியில் தெறிக்கும் தார்ரோட்டுச் சரளை.
குண்டடம் தாண்டிக் காற்றாலைகள் நிற்கும் ரோட்டில்
பைக்கில் கத்திக்கொண்டே வருகிற கூட்டம்.
எட்டு மைல் போய்த் திரும்பினால்
ஒரு மாலை, ஒரு குத்துவிளக்கு.
வீட்டில் ஏழு குத்துவிளக்கு இருக்கிறது.

ஒரு நாள் பந்தயம் முடிந்து வண்டியை அவிழ்த்து
கொத்தமல்லியைக் கையில் பிடித்து வந்தேன்.
(உழவர் சந்தையில் ஒரு கட்டு தின்றுவிட்டு
நான் காசு கொடுக்கும்வரை
நல்லபிள்ளையாய் நின்றதால் வந்த பேர்.)
அவள் தோளும் என் தோளும் ஒரே உயரம்.
அவளுக்கு நடக்கவும் தெரியும் என்பதை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கிணத்துக்கடவில்
தென்னந்தோப்பை வெட்டிப்போட்டு ஒரு களம்,
மணலோடு நார்க்கழிவு கலந்து, கால் வைத்தால் மெத்தை.
நிலோஃபருக்கு இருபத்தாறு வயசு.
என்னோடு பேசுவதைவிட
என் குதிரையோடு அதிகம் பேசுவாள்.
முதல் நாள் சேணத்தில் ஏற்றிவிட்டுச் சொன்னாள்:
"ஒண்ணும் பண்ணாதீங்க."

அது எப்படி?
கை தானாய் இழுத்தது. தொடை இறுகியது.
நாக்கு என்னைக் கேட்காமல் 'டுர்ர்' என்றது.
கொத்தமல்லி ஒரு காதைப் பின்னால் திருப்பினாள்,
பின்னால் இருக்க வேண்டியவன்
மேலே என்ன செய்கிறான் என்பதுபோல்.

களத்தைச் சுற்றி வெள்ளைப் பலகைகள்:
ஏ, கே, ஈ, ஹெச், சி, எம், பி, எஃப்.
எந்தப் பள்ளிக்கூடத்து வரிசை அம்மிணி இது என்றேன்.
அது யாருக்கும் தெரியாதுங்க என்றாள்.
ஏ-யில் நுழையணும், நேரே வரணும், எக்ஸில் நிக்கணும்.
எக்ஸ் எங்கே?
"எக்ஸுக்குப் பலகை கிடையாதுங்க.
நடுவில் இருக்கும்.
உங்களுக்குத் தெரியலைன்னாலும்
உக்கார்ற எலும்புக்குத் தெரியும்."

என் எலும்புக்குத் தெரியவில்லை.
நாலு மாதம் எக்ஸைத் தாண்டினேன்,
எக்ஸுக்கு முன்பே நின்றேன்,
இரண்டு தடவை எக்ஸிலேயே விழுந்தேன்.
வெள்ளைக் கால்சட்டையில் எடுத்த போட்டோவைப் பார்த்து
தொப்பம்பட்டி சம்பத்து கேட்டான்,
"ஏனுங் மாப்ள, மறுக்கா கல்யாணமா?"

தேர்வு ஆடியில் வந்தது.
பாலக்காட்டுக் கணவாய் வாயைத் திறந்து
ஊதிக்கொண்டிருந்தது.
நடுவர் மேசையில் காகிதத்தின் மேல் செங்கல்.
ஹெச் பலகை தாண்டும்போது
எங்கிருந்தோ ஒரு தீவனச் சாக்கு பறந்து வந்தது.
கொத்தமல்லி கிளம்பிவிட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன்:
பயப்படவில்லை. சந்தோசம்.
நாலு மாதமாய் மூடிவைத்த ரோடு
அவள் முதுகில் திறந்துகொண்டது.
வாயில் அதட்டல் வந்துவிட்டது,
பல்லைக் கடித்து விழுங்கினேன்.
கையைத் தாழ்த்தினேன். மூச்சை விட்டேன்.
அவ்வளவுதான் செய்தேன்.
பி பலகையருகே, என் மூச்சைக் கேட்டோ
தன் மூச்சு தீர்ந்தோ, தெரியாது,
அவள் நடந்தாள்.
கழுத்து நீண்டு, முதுகு அசைந்து,
அன்று ரோட்டோரம் என்னோடு வந்தாளே, அந்த நடை.

மதிப்பெண் தாளில் எல்லாம் மூன்றும் நான்கும்.
நடை என்ற கட்டத்தில் ஏழு.
கடைசிக் குறிப்பு:
'எக்ஸைத் தாண்டி ஒரு முழம்.'

போன ஞாயிறு மறுபடி வண்டி கட்டினேன்.
கொடி விழுமுன்
மற்ற குதிரைகள் துள்ள, ஆட்கள் தொங்கிப் பிடிக்க,
கொத்தமல்லி நாலு காலும் ஊன்றி
சதுரமாய் நின்றாள்.
கொடி விழுந்தது.
நான் ஒரு மூச்சு கூடுதலாய் உட்கார்ந்திருந்தேன்.
குண்டடம் ரோட்டில் எந்தப் பலகையும் இல்லை.

கடைசியாய்த்தான் வந்தோம்.
ஆறுதல் பரிசு ஒரு எவர்சில்வர் வாளி.
அதில்தான் இப்போது
தண்ணி குடிக்கிறாள்.